மீட்டரில் ஏறாத அவசரம்

எங்கள் வீட்டு வாசலில் தொங்கிய பூட்டு உள்ளூரான திண்டுக்கல்லிலேயே செய்தது. நல்ல கனம். சாவியைப் பாதி திருப்பி, பக்கவாட்டில் இருக்கும் குமிழை அழுத்திக்கொண்டே மீதியைத் திருப்ப வேண்டும். திருடனை ஏய்க்கச் செய்த வித்தை அது. திருடன் எவனும் எங்கள் தெருப்பக்கம் வந்ததில்லை. அகப்பட்டது நான்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் எனக்கு நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. வடமதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சாயங்காலம் பஸ்ஸில் நசுங்கி வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து, தெருமுனை திரும்பும்வரை உடம்பு சொன்னபடி கேட்கும். பூட்டைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் அடிவயிற்றில் ஒரு முறுக்கு முறுக்கும். கைப்பையில் சாவியைத் துழாவுவதற்குள் கால் இரண்டும் பின்னிக்கொள்ளும். குமிழை அழுத்துவதற்குள் பாதி நாள் கதை முடிந்துவிடும். நனைந்த பாவாடையோடு என் வீட்டுக்குள்ளேயே நான் திருடியைப் போல நுழைவேன்.

வகுப்பில் இதைச் சிறுநீர் என்று சொல்லிக்கொடுத்தேன். கரும்பலகையில் சிறுநீரகம், குழாய், பை எல்லாம் கலர் சாக்பீஸில் வரைவேன். பை நிறைந்தால் மூளைக்குச் செய்தி போகும், மூளை உத்தரவு கொடுத்தால் பை சுருங்கும் என்று ஆணித்தரமாகச் சொல்வேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பை யாரிடமும் உத்தரவு கேட்காமல் சுருங்கும். மேஜையைப் பிடித்துக்கொண்டு, "படத்தை நோட்டுல வரைங்க" என்பேன். என் மாணவர்கள் எல்லாரும் நன்றாகப் படம் வரைந்ததற்கு அதுதான் காரணம்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்கென்று ஒரு கக்கூஸ் இருந்தது. அதற்கும் பூட்டு. சாவி தலைமை ஆசிரியர் அறையில் ஆணியில் தொங்கும். ஆம்பளைகள் நான்கு பேர் உட்கார்ந்து டீ குடிக்கும் அறைக்குள் போய் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்க வேண்டும். அதற்குப் பயந்தே நாங்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது ஒரு பழக்கம். பஸ் ஏறுகிற நாளில் தண்ணீரைத் தொடமாட்டோம். வேலைக்குப் போகிறவளுக்குத் தினமும் பஸ் ஏறுகிற நாள்தான். வருஷக்கணக்காக நான் தாகத்தோடு இருந்தேன். தாகத்தோடு இருந்தும் நனைந்தேன். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்தார். தெருத்தெருவாகப் போய் மீட்டரைப் பார்த்துக் குறிக்கிற வேலை. நேர்மையான மனுஷன். யார் வீட்டிலும் ஒரு வாய் காப்பி குடிக்கமாட்டார். "சார், நாங்க ஊருக்கே போயிட்டோம், எப்படி இம்புட்டு ஏறும்?" என்று ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "மீட்டர் பொய் சொல்லாதும்மா."

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போய்வரும் நாளில் சாவி அவரிடம் இருக்கும். அதுதான் எனக்கு நரகம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். சட்டைப்பையில் தேடுவார். பூட்டைத் தூக்கிப் பார்ப்பார், யாராவது நோண்டியிருக்கிறார்களா என்று. "ஏங்க, செத்த வெரசாத் தொறங்களேன்!" என்று பல்லைக் கடிப்பேன். "பதறினா பூட்டு தொறக்காது" என்பார். ஆமாம், பூட்டு திறக்காது. மற்றது திறந்துகொள்ளும்.

உள்ளூர் டாக்டரம்மா யூரின் டெஸ்ட் எடுத்தார், சர்க்கரை பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். எல்லாம் நார்மல். கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி, "பேசாம கர்ப்பப்பையை எடுத்துருங்க, எல்லாம் சரியாப் போயிரும்" என்று ஏதோ வீட்டில் கிடக்கும் பழைய நாற்காலியை எடுத்துப் போடச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். இன்னும் எத்தனையோ வருஷம் அப்படியே ஓட்டியிருப்பேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிராவிட்டால்.

நிச்சயதார்த்தத்து அன்று சம்பந்தி வீட்டம்மா சிரித்துக்கொண்டே, "தாரை வார்க்கும்போது நீங்க அழுதுறக் கூடாது" என்றார். எனக்குப் பயம் அழுகையைப் பற்றியில்லை. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது, மாப்பிள்ளை கையின்மேல் மகள் கையைத் தகப்பன் எடுத்து வைப்பான். தாய் செம்பிலிருந்து அந்தக் கைகளின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். மந்திரம் முடியும்வரை தாரை அறுபடக் கூடாது. அறுபட்டால் ஆகாது என்பார்கள். எனக்கோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே போதும். அடுத்த வீட்டில் குடம் நிறைகிற சத்தத்துக்கே இங்கே நான் ஓடுவேன். அத்தனை ஜனங்களுக்கு முன்னால், மணமேடையில் நின்றுகொண்டு, நானே தண்ணீரை ஊற்றி நானே அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால் இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். டாக்டரம்மா மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். பை எப்படி நிறைகிறது, எப்படிச் சுருங்குகிறது என்று மெஷின் வைத்துப் பார்க்கும் டெஸ்ட் அங்கே இருக்கிறதாம். அது வந்த புதிது. "வயிறு நிறையத் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினார். திண்டுக்கல்லிலிருந்து மதுரைவரை பஸ்ஸில் வயிறு நிறையத் தண்ணீரோடு நானா? நல்லா இருக்கே! வெறும் வயிற்றோடு போய் இறங்கி, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் குடிக்க ஆரம்பித்தேன்.

பக்கத்தில் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூத்தவர், முருங்கைக் காட்டுக்காரர். கர்ப்பப்பை இறங்கிவிட்டது, அதற்கு ஆப்பரேஷன் செய்வதற்கு முன்னால் இந்த டெஸ்டையும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். "ஏனுங்க, உள்ள என்ன பண்ணுவாங்கொ? வலிக்குமுங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் என்னத்தைக் கண்டேன். "தெரியலைங்கம்மா" என்றேன். முதலில் அவரைக் கூப்பிட்டார்கள்.

திரைக்கு இந்தப்பக்கம் எல்லாம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஆச்சரியமாக, "என்னம்மா, மெஷின்ல கோடு இப்படி எகிறுதே! உங்களுக்கு அடிக்கடி அவசரமா வருமே, ஓடுவீங்களே?" என்று கேட்டாள்.

"வருமுங்க. வந்தாப் போவேன். காட்டுக்குள்ள ஆரு பாக்கறாங்க?"

"தொந்தரவா இல்லையா?"

"இதுல என்னுங்க தொந்தரவு? இதுவும் ஒரு சீக்குங்களா?" என்று அந்த அம்மா சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

என் முறை வந்தது. ஒரு நாற்காலி. நடுவில் ஓட்டை, அதன் கீழே புனல், புனலுக்குக் கீழே மெஷின். அதில் உட்கார்ந்து ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து குத்துக்காலிட்டே பழகியவள் நான். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால், திரைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர் காத்திருக்க, எங்கிருந்து வரும்? தெருவில், பஸ்ஸில், வகுப்பில் என்னைப் பாடாய்ப் படுத்திய சனியன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பிறகு படுக்கவைத்து, முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய் சொருகினார்கள். அந்த வெட்கக்கேட்டை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உள்ளே ஏறியது. "வருதாம்மா?" "இல்லை." "இருமுங்க." இருமினேன். "இப்ப?" "இல்லை."

இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்தால் என் வகுப்பு எப்படிக் கைகட்டி உட்காருமோ, அப்படி உட்கார்ந்திருந்தது அது. டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். எழுந்துபோய் வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சடசடவென்று கொட்டியது. எனக்கு ஒரு முறுக்குக்கூட வரவில்லை. அடப்பாவி, இப்போதாவது வந்து தொலையேன் என்று என் உடம்பையே கெஞ்சினேன். வாழ்நாளில் முதல்முறையாக அது வர வேண்டுமென்று நான் ஆசைப்பட்டேன். வரவில்லை.

"டாக்டர், எங்க வீட்டுப் பூட்டக் கொண்டாந்து இங்க தொங்கவிட்டாத்தான் அது வரும்" என்றேன். அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை.

பிறகு என்னையும், கூட வந்திருந்த வீட்டுக்காரரையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார். "டெஸ்ட் நார்மல்மா. ஆனா இன்னைக்கு இந்த ரூம்ல உங்க பை என்ன செஞ்சுச்சோ அதை மட்டுந்தான் மெஷின் சொல்லும். வீட்டுல என்ன செய்யுதுன்னு நீங்கதான் சொல்லணும். நார்மல்னு வந்ததுக்காக உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னு ஆகாது. கோடு மோசமா இருக்கும், அவங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. அப்படியும் சில பேரு இருக்காங்க." மாத்திரை எழுதிக்கொடுத்தார். நேரம் வைத்துப் போய்ப் பழகச் சொன்னார், அவசரம் வந்தால் ஓடாமல் நின்று இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நல்ல மனுஷன். நான் அவர் பேசியது பூராவையும் கேட்டேன். என் வீட்டுக்காரர் முதல் வார்த்தையை மட்டும் கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பாரம் இறங்கிய முகத்தோடு, "பாத்தியா, ஒண்ணுமில்லை. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

"டாக்டர் சொன்னத முழுசாக் கேட்டீங்களா?"

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு. மெஷின் என்ன சொல்லுது? நார்மல். மீட்டர் பொய் சொல்லாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீ பொய் சொல்றேன்னு யாரு சொன்னா? ஒனக்கு மனசுல இருக்கு, அம்புட்டுத்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "மனசுல இருந்தா மனசு நனையட்டும். சேலை ஏங்க நனையுது?" என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். இது அவருக்கு வரவே வராத காய்ச்சல்.

அவர் அப்படிச் சொன்னதுகூட அத்தனை வலிக்கவில்லை. அதற்கு முன்னால் எனக்கு ஒரு சீக்கு இருந்தது. அந்த டெஸ்டுக்குப் பிறகு அதுவும் இல்லாமல் போய்விட்டது. நனைவது மட்டும் மிச்சம். யாரிடமாவது வாயைத் திறந்தால், "மதுரை வரைக்கும் போய்ப் பாத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்று இவர் முந்திக்கொள்வார். எனக்கு ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்வார். எனக்கோ ஆயாசமாக இருக்கும். ஊமை கண்ட கனவு மாதிரி அதை நானே வைத்துக்கொண்டேன்.

மாத்திரை வாயை உலர்த்தியது. ஏற்கெனவே தண்ணீர் குடிக்காதவள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, வகுப்பில் பாடம் நடத்த முடியாமல் தவித்தேன். கரும்பலகை எழுத்து மங்கியது. நிறுத்திவிட்டேன். இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியைச் செய்தேன். தெருவில் கொஞ்சம் கேட்டது, பூட்டுக்கு முன்னால் கேட்கவில்லை.

கல்யாணம் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன். "ஏங்க, தாரைக்கு மட்டும் மதினி ஊத்தட்டுமே." மதினி என்றால் அவருடைய அக்கா.

"பெத்தவ நீ குத்துக்கல்லாட்டம் இருக்கையில அக்கா எதுக்கு ஊத்தணும்? சபையில கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"எனக்கு முடியலைன்னு சொல்லுங்க."

"என்ன முடியலை? ரிப்போர்ட்தான் நார்மல்னு வந்திருச்சுல்ல?"

களைத்துப்போயிருந்தேன். சேலையாவது கருத்த அரக்கில் எடுக்கலாம் என்றால், "சம்பந்தியம்மா முன்னால டல்லாவா நிப்ப?" என்று மதினி மாம்பழக் கலரில் எடுத்துவிட்டார். ஒரு சொட்டு விழுந்தாலும் ஊருக்கே தெரிகிற பட்டு.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. உள்ளே துணியை மடித்து வைத்துக் கட்டியிருந்தேன். மேடைக்கு ஏறுவதற்கு முன்னால் மண்டபத்துக் கக்கூஸுக்கு ஒருமுறை, உடனே இன்னொருமுறை போய்வந்தேன். மேடையில் நெருப்புப் புகை, மேளம், ஜனம். மாப்பிள்ளை கையின்மேல் இவர் மகளின் கையை எடுத்து வைத்தார். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. ஐயர், "தாயார் ஊத்துங்கோ" என்றார்.

ஊற்றினேன். தண்ணீர் கைகளின்மேல் விழுந்து, விரல் இடுக்கில் வழிந்து, தாம்பாளத்தில் சலசலவென்று இறங்கியது. அவ்வளவுதான். மதுரையில் கெஞ்சியபோது வராதது, அழைக்காமலே வந்தது. இறுக்கினேன். முருகா முருகா என்றேன். மடித்து வைத்த துணி எத்தனை தாங்கும்? சூடாகத் தொடையில் இறங்கி முழங்காலைத் தாண்டியது. ஐயர் மந்திரத்தை முடிக்கவில்லை. மேலே ஒரு தாரை, கீழே ஒரு தாரை. மேலே உள்ளதை நிறுத்தினால் மகளுக்கு ஆகாது. கீழே உள்ளதை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை. செம்பைச் சாய்த்தபடி நின்றேன். கை மட்டும் நடுங்கவில்லை.

இவர் எனக்கு நேர் எதிரே நின்றார். மகளின் கையைப் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து என் சேலைக்கரையைப் பார்த்தார். இருட்டு மூலையில் தொங்குகிற மீட்டரையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிற கண் அது. மாம்பழக் கலர் கீழேயிருந்து கருத்துக்கொண்டு வந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மந்திரம் முடிந்தது. செம்பில் பாதி மிச்சம் இருந்தது. நான் யோசிக்கவில்லை. கை வழுக்கியதுபோல் செம்பைத் திருப்பி, மிச்சத்தை அப்படியே என் மடியில் கவிழ்த்துக்கொண்டேன். இடுப்பிலிருந்து பாதம்வரை ஈரம்.

"அட அட! என்னத்தா இது, பட்டுச் சேலைய இப்படிப் பூரா நனைச்சுட்டியே! கைல பிடி இல்லையா?" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டார். சம்பந்தியம்மா, "பெத்த மனசு, கை நடுங்கத்தான் செய்யும்" என்று எனக்குப் பரிந்து பேசினார். எல்லாரும் இரக்கமாகச் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் செம்பட்டிக்குப் புறப்பட்டார்கள், மாப்பிள்ளை வீடு அங்கேதான். மதினி பெண்ணுக்குத் துணையாகப் போனார். நாங்கள் இரண்டு பேரும் பாத்திரங்களோடு வேனில் வீட்டுக்குத் திரும்பினோம். அழுது ஓய்ந்து, ஒன்றும் தோன்றாமல் சாய்ந்திருந்தேன். தெருமுனை வந்தது. எனக்கு அடிவயிறு முறுக்கியது. நான் வாயே திறக்கவில்லை.

"நிப்பாட்டுப்பா" என்றார் இவர். வேன் நிற்பதற்குள் இறங்கினார். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததில்லை. தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னவோ ஏதோவென்று எழுந்து நின்றார்கள். செருப்பைக் கழற்றவில்லை. பூட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. வேன் ஊர்ந்து வந்து வாசலில் நின்றபோது கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்துகிடந்தது. இவர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, வழியைவிட்டு ஒதுங்கி நின்றார்.

"போ, போ" என்றார்.

போனேன். நனையாமல் போனேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோதும் அவர் வாசலில்தான் நின்றார். பூட்டின் குமிழைச் சும்மா அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"சக்கரம் நின்னுபோன மீட்டர் எத்தனையோ பாத்திருக்கேன். அந்த வீடுகள்லயும் லைட்டு எரியத்தான் செஞ்சுச்சு."

அடப்பாவி மனுஷா, இதைச் சொல்ல உனக்கு நம் பிள்ளையின் கல்யாணமா வேண்டியிருந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கத் தெம்பில்லை. தொண்டை வறண்டு கிடந்தது.

"ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க" என்றேன்.

உள்ளே போய் நிறைய மொண்டு கொண்டுவந்து கொடுத்தார். வாசற்படியில் உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.